பாதியாகிப்போன ஹாஜியார்

பதுளை டாக்டரின் தராசு முள் கடைசிக் கோட்டைத் தொட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. டாக்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இறங்குங்க ஹாஜியார். இதுல உங்கள நிறுக்க ஏலா. ஏதாவது ஒரு தோட்டத்து ஸ்டோருல போய் நிறுத்துட்டு வாங்க" என்றார்.

அப்படித்தான் 1978ஆம் வருஷம் மாரி முடிந்த கையோடு, பதுளைப் பஜாரின் பெரிய புடவைக் கடை முதலாளி மர்ஸூக் ஹாஜியார், நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைப் பெட்டி நிறுக்கும் இரும்பு மேடையில் ஏறி நின்றார். ஸ்டோர் கணக்கப்பிள்ளை முருகையா, மாதாமாதம் ஹாஜியாரின் கடையில் துணி எடுப்பவர். மரியாதையாகக் கல்லை ஒவ்வொன்றாக ஏற்றினார். மேடை அசையவில்லை. இன்னும் ஏற்றினார். அந்நேரம் பார்த்துக் கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடைகளோடு வாசலில் கூடிவிட்டார்கள்.

"முந்நூத்திப் பன்னெண்டு ராத்தல் முதலாளி" என்று முருகையா மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் எல்லாருக்கும் கேட்டது.

கூட்டத்தில் நின்ற தனலெட்சுமி என்பவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். "அய்யா, எங்க கொழுந்துக்கு ஈரத்துக்கும் கூடைக்கும் கழிக்கிறீங்கள்ல, அதே மாதிரி முதலாளிக்கும் கழிச்சுப் போடுங்க. எவ்வளவு வேர்த்திருக்கு பாருங்க" என்றாள்.

ஸ்டோரின் தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதால் சிரிப்பு நின்றுவிட்டது.

உண்மையில், அதுவரை தன் உடம்பைப் பற்றி அவருக்கு எந்த மனக்குறையும் இருந்ததில்லை. ஊருக்கும் இருந்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. வாசலோரத்தில் அவருக்கென்றே அடித்த தேக்கு நாற்காலியையும் அதை நிறைத்துக்கொண்டிருக்கும் அவரையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். எழுபத்து நாலாம் வருஷப் பஞ்சத்தில் ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஒட்டிப்போயிருந்தபோதும் ஹாஜியார் ஒட்டவில்லை. அதைப் பார்த்து யாரும் பொறாமைப்படவில்லை. ஊரில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று ஆறுதல்பட்டார்கள்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கும் அவர்தான் தலைவர். கூட்டத்தில் ஏதாவது வாக்குவாதம் முற்றினால் ஹாஜியார் எழுந்திருக்க ஆரம்பிப்பார். முதலில் நாற்காலியின் கைகளைப் பிடிப்பார். பிறகு முன்னால் சாய்வார். பக்கத்தில் இருப்பவர் ஒருவர் முழங்கையைத் தாங்குவார். அவர் முழுசாக எழுந்து நிற்பதற்குள் சபை சமாதானமாகிவிடும். என்ன சொல்ல எழுந்தோம் என்று அவருக்கே சில நேரம் மறந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமைதான் எல்லாவற்றையும் கெடுத்து, அவரை டாக்டரிடம் அனுப்பியது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தவரால் மறுபடி எழும்ப முடியவில்லை. தொழுகை முடிந்து எல்லாரும் திரும்பிப் பார்த்தபோதும் அவர் அப்படியே கிடந்தார். பக்கத்து வரிசையில் நின்ற இத்ரூஸும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். இத்ரூஸ் எதிர்க் கடைக்காரர், அவருக்கும் புடவை வியாபாரம்தான். அவர் அன்று மாலைக்குள் பஜாரின் ரெண்டு பக்கமும் போய், ஹாஜியாரைத் தூக்கியதில் தன் இடுப்பு பிடித்துக்கொண்டதை ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து விவரித்தார். யாருடைய கடையிலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள மறக்கவில்லை.

டாக்டர் முந்நூற்றுப் பன்னிரண்டைக் கேட்டுவிட்டு, "இப்பிடியே போனா இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான். நெஞ்சு தாங்காது" என்றார்.

ஹாஜியாரின் மனைவி ஸவாஹிரா அன்றிலிருந்து அழுதாள், அழுதுகொண்டே சமைத்தாள். சமையல்தான் அவளுக்குத் தெரிந்த மருந்து. அவளுடைய தம்பி புவாத்திடம் வேறொரு மருந்து இருந்தது. புவாத் லண்டனில் ரெண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே என்ன செய்தான் என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. ஆனால் லண்டனைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பான்.

"மச்சான், லண்டன்ல இதுக்கு ஆப்பரேசன் ஈக்கி. அத படிச்சிட்டு வந்த ஒரு டாக்டர் இப்ப கொழும்புல ஈக்கிறாரு" என்றான்.

"வகுத்தையா வெட்டுற?" என்று ஸவாஹிரா நெஞ்சில் கை வைத்தாள்.

"வெட்டுறல்ல ராத்தா, பாதைய மாத்துற. தெமோதரையில ரயில் எப்பிடி வருது? ஸ்டேஷனச் சுத்தி வளைஞ்சி, கீழால பூந்து, மலைய ஒரு வட்டம் போட்டுட்டுத்தானே பதுளைக்கு வருது? அந்த வளையத்த விட்டுட்டு நேரா ஒரு தண்டவாளம் போட்டா எப்பிடி? அதான். தின்னுறது குறுக்குப் பாதையில போயிரும். ஒடம்புல ஏறுறத்துக்கு நேரம் கெடைக்காது. வகுத்தையும் கொஞ்சம் அடைச்சி, கோப்பிக் கோப்பை அளவுக்கு ஆக்கிடுவாங்க."

ஹாஜியாருக்குத் தெமோதரை வளையம் பிடிக்கும். அதை ஏன் ஒருவன் வேண்டாமென்று சொல்வான் என்று யோசித்தார். ஆனால் டாக்டர் சொன்ன ரெண்டு மூன்று வருஷம் நினைவில் வந்தது. சம்மதித்தார்.

கொழும்பு டாக்டர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒல்லியானவர். இங்கிலீஷில்தான் பேசினார், நிறையப் பேசினார். படம் வரைந்து காட்டினார். ஆப்பரேசனுக்குப் பிறகு எதை எப்படிச் சாப்பிட வேண்டும், எதைத் தொடவே கூடாது, தொட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் விரலை ஆட்டி ஆட்டி வெகுநேரம் சொன்னார். புவாத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

"என்ன சென்னாரு?" என்று ஹாஜியார் கேட்டார்.

"சீனிய கொஞ்சம் கொறைக்கட்டாம்" என்றான் புவாத்.

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகான நாட்களைப் பற்றி ஹாஜியார் யாரிடமும் பேசியதில்லை. வாயில் வைத்தது பாதி நாள் தங்கவில்லை. தண்ணீரைக் கூடச் சின்னக் கரண்டியில் ஊற்றி ஊற்றிக் குடித்தார். ரெண்டு மாதம் கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, டாக்டர் போகலாம் என்று சொன்னபின் ரயில் ஏறினார்.

பதுளை ஸ்டேஷனில் மூன்று பேர் அவரைத் தாண்டிப் போய், பின்னால் வரும் ஹாஜியாரைத் தேடினார்கள்.

அதற்குப் பிறகும் அவர் குறைந்துகொண்டே போனார். கன்னம் போயிற்று. கழுத்து என்று ஒன்று புதிதாக வந்தது. சாரத்தை இடுப்பில் ரெண்டு சுற்றுச் சுற்றி மடித்துச் செருக வேண்டியிருந்தது. கையிலும் வயிற்றிலும் தோல் மட்டும் போக இடம் தெரியாமல் தொங்கியது. ஆனால் தொழுகையில் விழுந்து எழும்பினார். வீட்டுப் படியில் மூச்சு வாங்காமல் ஏறினார். ஒரு நாள் காலை முற்றத்தில் உட்கார்ந்து, குனிந்து, தன் கால் நகத்தைத் தானே வெட்டினார். பதினைந்து வருஷமாக அவரால் எட்ட முடியாத இடம் அது. பத்து விரலையும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸவாஹிராவுக்கும் கலங்கியது. ஆனால் வேறு காரணத்துக்கு. அந்த நகத்தை இவ்வளவு காலமும் வெட்டியது அவள்.

"அதையும் நீங்களே செஞ்சிக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குசினியிலும் அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு நேரத்துக்கு ஒரு கோப்பை கஞ்சி. அதில் பாதியை அவர் திருப்பி வைப்பார். 'சீனிய கொறைக்கட்டாம்' என்ற வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சீனி டின்னையே அலுமாரியில் பூட்டிவிட்டாள். பெரிய சட்டிகள் கவிழ்த்த இடத்திலேயே கிடந்தன. இருபது வருஷமாக அந்தத் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் புரியாணிக்கு மசாலா பார்த்துச் சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அவளைப் பார்க்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "ஹாஜியாருக்குச் சரியா சாப்பாடு குடுக்கிறல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சுகம் விசாரிக்கவும் ஊர் திரண்டு வந்தது. வெறுங்கையோடு யாரும் வரவில்லை. மஸ்கட், தொதல், வட்டிலப்பம் என்று இனிப்புகளும் ஆட்டுக்கால் சூப்பும் வந்தன. நோயாளியால் தின்ன முடியாது, வந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. எனவே புவாத் அக்காள் வீட்டிலேயே தங்கி அந்தக் கடமையை ஏற்றுக்கொண்டான். ஹாஜியாரிடமிருந்து இறங்கியதில் ஒரு பகுதி அவன் வயிற்றில் ஏறியது கண்ணுக்குத் தெரிந்தது.

"கடை கவுந்து போச்சாம், கவலையில இளைச்சிட்டாராம்" என்று பஜாரின் மேல் பக்கத்தில் பேசினார்கள். "கேன்சராம், வீட்டுல செல்றாங்கல்ல" என்று கீழ்ப்பக்கத்தில் பேசினார்கள். ரெண்டையும் சேர்த்து, கேன்சர் வந்ததால் கடை கவிழ்ந்தது என்று ஒழுங்குபடுத்தியவர் இத்ரூஸ். ஆப்பரேசன் செய்து இளைத்தார் என்ற உண்மையை யாரும் நம்பவில்லை. கைக்காசு கொடுத்து யாராவது தன்னைப் பாதியாக்கிக்கொள்வார்களா?

ஹாஜியாருக்கு மெல்ல மெல்ல ஒரு விஷயம் புரிந்தது, சபைக் கூட்டத்தில்தான். பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடிப்பதா, பச்சை அடிப்பதா என்று வாக்குவாதம். ஹாஜியார் எழுந்தார். நாற்காலிக் கையைப் பிடிக்கவில்லை, யாரும் முழங்கையைத் தாங்கவில்லை. பிள்ளையைப் போலச் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை. தொண்டையைச் செருமினார். வாக்குவாதம் நடந்துகொண்டேயிருந்தது. சொல்ல வந்தது இந்தத் தடவை நன்றாக நினைவிருந்தது. அதைச் சொல்லவும் செய்தார். "கொஞ்சம் இரிங்க நாநா" என்று இத்ரூஸ் அவர் தோளில் கை வைத்து உட்கார்த்தினார். அவர் தோளில் கை வைக்கும் துணிவு அதற்கு முன் அந்த ஊரில் யாருக்கும் இருந்ததில்லை. இவ்வளவு காலமும் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதையில் எத்தனை ராத்தல் தன்னுடையது என்று அன்றிரவு அவர் யோசித்தார்.

தோட்டத்துச் சம்பள நாளில் மனசு கொஞ்சம் தேறும் என்று நினைத்து, துணி மூட்டைகளோடு அவரே நமுனுகுலத் தோட்டத்துக்குப் போனார். முன்பெல்லாம் ஆட்களை மட்டும் அனுப்புவார். சம்பளம் வாங்கிவிட்டு வந்த தனலெட்சுமி, விரித்து வைத்திருந்த சேலைகளைப் புரட்டியபடி, "என்னங்க, பெரிய முதலாளி வரலீங்களா?" என்று அவரிடமே கேட்டாள்.

"நான்தான் பெரிய முதலாளி."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை. "ஆத்தாடி! என்னங்க நோவு?"

"நோவு ஒண்டுமில்ல. ஆப்பரேசன் செஞ்சி இளைச்சேன். கொழும்புல."

"வேணும்னேவா?"

"ஆமா."

தனலெட்சுமி சேலையை மடித்து வைத்தாள். "எழுவத்தி நாலுல எங்க லயத்துல அத்தன வீட்டாளுங்களும் இப்பிடித்தாங்க ஆனோம். எங்க மாமியார் கடேசியில உங்கள விடவும் எளச்சிப் போயித்தான் செத்துச்சு. எங்களுக்குக் கத்தியும் வைக்கல, டாக்டரும் வரல. அந்த வித்தை எங்ககிட்டேயே இருந்துச்சுங்க, நீங்க கொழும்பு வரைக்கும் போயிட்டீங்க" என்றாள். குத்திக் காட்டுகிற குரலில்லை. விலை விசாரிக்கிற குரல்தான்.

ஹாஜியார் கத்தரிக்கோலை எடுத்தார். அவள் கேட்ட ரவிக்கைத் துணியை அளந்து, அளவுக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் இத்ரூஸின் மகளுக்குக் கல்யாணம். எதிர்க் கடை, ஒரே பள்ளி. போகாமல் இருக்க முடியாது.

கல்யாணப் பந்தியில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதுதான் சஹன். முன்பு ஹாஜியார் எந்தச் சஹனில் உட்காருகிறார் என்று பார்த்துவிட்டு மற்றவர்கள் மெதுவாக வேறு பக்கம் நகர்வார்கள். அவரோடு உட்கார்ந்தவர்கள் வீட்டுக்குப் போய் மறுபடியும் சாப்பிட்ட கதைகள் ஊரில் உண்டு. இன்றோ அவர் உட்கார்ந்த கையோடு ஒன்பது பேர் அந்தச் சஹனைச் சுற்றி விழுந்தார்கள். ஒருவன் மடியில் ஒருவன் உட்காராத குறை. "நான்தான் மொதல்ல வந்த" என்று இழுபறி நடந்து, கடைசியில் கையில் பலம் உள்ள ஐந்து பேர் மிஞ்சினார்கள். புவாத் அதில் ஒருவன். ஹாஜியாரின் பங்கு இறைச்சி அவர் கண் முன்னாலேயே அந்தக் கைகளுக்குள் மறைந்தது. அவர் நாலு பருக்கை சோற்றை விரல் நுனியில் எடுத்து வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

பெண்ணின் வாப்பாவான இத்ரூஸ் சும்மா இருக்கவில்லை. வட்டிலப்பம் வந்ததும் ஒரு பெரிய துண்டைக் கிண்ணத்தில் போட்டுக் கையிலேயே எடுத்து வந்தார். சபையே கேட்கும்படி, "நாநா, எங்க ஊட்டுச் சாப்பாட்டுல கைய வெக்கல்லயே! எங்கட மகள்ட கல்யாணம் ஒங்களுக்குப் புடிக்கல்லையா?" என்றார்.

"அப்பிடியில்ல இத்ரூஸ், எனக்கு ஏலா..."

"ஒரு துண்டு. எனக்காக. எல்லாரும் பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஹாஜியார் புவாத்தைப் பார்த்தார். "கொறைக்கத்தானே மச்சான் சென்ன, நிப்பாட்டச் செல்லல்லயே" என்றான் புவாத், வாய் நிறைய இறைச்சியோடு.

ஹாஜியார் சாப்பிட்டார். பல மாதத்துக்குப் பிறகு நாக்கில் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் ஏலக்காயும் பட்டதும் தன்னை மறந்தார். துண்டு முழுவதையும் சாப்பிட்டு, அதன் மேல் ஒரு கிளாஸ் சர்பத்தும் குடித்தார். குறுக்குப் பாதையில் போட்ட தண்டவாளத்தில் அவ்வளவு சீனியும் ஒரே ஓட்டமாய் ஓடியது. கொழும்பு டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. வேர்த்தது. கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, சஹன் தட்டின் மேலேயே சாய்ந்தார்.

பெண்கள் பக்கம் இருந்த ஸவாஹிராவுக்குச் செய்தி போகுமுன்னே புவாத் அவரை வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே படுக்கவைத்துச் சேலைன் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். போத்தல் காலியானதும் டாக்டர், "இனி ஒன்றுமில்லை, அழைத்துக்கொண்டு போகலாம்" என்றார். புவாத் வெளி வராந்தாவுக்கு வந்தான். கல்யாணப் பந்தி வயிற்றில் கனத்ததால் அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. அங்கே சைக்கிளோடு நின்றவர் அரிசிக் கடை றஹீம். ஊரில் எந்தச் செய்தியையும் முதலில் சொல்கிறவர் என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காகவே சைக்கிள் வைத்திருப்பவர்.

"எப்பிடி ஈக்கி?"

"எல்லாம் முடிஞ்சிச்சி. ஊட்டுக்குக் கொண்டு போகச் சென்னாங்க" என்றான் புவாத்.

றஹீம் மரணச் செய்தி கேட்டால் ஓதும் "இன்னா லில்லாஹி"யைத் தொடங்கியபோது சைக்கிள் ஏற்கனவே உருண்டுகொண்டிருந்தது.

புவாத் கணக்கு முடித்து, மருந்து வாங்கி, வேன்காரனைத் தேடிப் பிடிக்க ரெண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஊரில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். பஜாரில் கடைகளைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். பண்டாரவளைக்கும் மொனராகலைக்கும் டெலிபோன் போய்விட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் கிடைத்த வாகனத்தில் ஏறிவிட்டார்கள். இத்ரூஸ் புது மாப்பிள்ளையைப் பந்தியிலேயே விட்டுவிட்டு, கல்யாணச் சட்டையோடு மரண வீட்டுக்கு ஓடிவந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கப்றுக் குழி வெட்டுகிறவர்கள் பழைய ஹாஜியாரை மனசில் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு அகலத்துக்குக் கோடு போட்டு வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.

வேன் தெருமுனைக்கு வந்தபோது கூட்டத்தைத் தாண்டிப் போக வழியில்லை. ஹாஜியார் இறங்கி நடந்தார். தன் வீட்டு வாசலில் மய்யித்து தூக்கும் சந்தூக்குப் பெட்டியைக் கண்டதும் அவர் நடையை எட்டிப் போட்டார். ஸவாஹிராவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். படியில் ஏறி நின்று இத்ரூஸ் பேசிக்கொண்டிருந்தார்.

"மலை மாதிரி நிண்ட மனுசன்! இந்த வாசல்ல அவர் உக்காந்தா வாசலே நெறைஞ்சி போயிரும். இனி அப்பிடி ஒரு ஆளை நாங்க எங்க பாக்கிற?"

கூட்டம் விம்மியது. ஹாஜியாருக்கு இப்போது விளங்கிவிட்டது. அவர்கள் அழுதது பழைய ஆளுக்காக. கடைசி ஒரு வருஷத்து மெலிந்த மனிதனைப் பற்றி இத்ரூஸ் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

"அவர்ட எடத்த நெரப்ப யாருக்கு ஏலும்?" என்று இத்ரூஸ் கேட்டு, பதிலுக்குச் சற்று இடைவெளி விட்டார். யாரும் சொல்லாததால் அவரே சொன்னார். "சபை விரும்பினா நான் மறுக்க மாட்டேன்."

"இத்ரூஸ்" என்று ஹாஜியார் கூப்பிட்டார்.

"சத்தம் போடாதீங்க, மய்யித்து வாற நேரம்" என்று பக்கத்தில் நின்ற பண்டாரவளைக்காரர் அவரை அதட்டினார்.

இனி இவர்களோடு பேசிப் பயனில்லை என்று ஹாஜியார் பக்கச் சந்தால் நுழைந்து குசினி வாசலுக்குப் போனார். அங்கே கதவை மறித்துக்கொண்டு ஸல்மா மாமி உட்கார்ந்திருந்தாள். ஸவாஹிராவின் வாப்பாவுடைய தங்கை, மொனராகலையிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவள். ஹாஜியார் பந்திக்குப் போன பிறகு வந்து சேர்ந்து, பயணக் களைப்பில் தானும் போகாமல் வீட்டிலேயே தூங்கிவிட்டாள். ஆப்பரேசனுக்குப் பிறகு ஹாஜியாரை அவள் கண்டதேயில்லை.

"எங்க போற?" என்றாள்.

"உள்ளுக்கு."

"அந்நிய ஆம்புள உள்ளுக்குப் போகப்படாது. புள்ள இத்தா இருக்கிற. புருசன் மௌத்தாகி இன்னும் ஒரு பொழுது போகல்ல, எட்டிப் பாக்க வந்திட்டாரு!"

"மாமி, நான்தான் அவள்ட புருசன்."

"அல்லாஹ் காப்பாத்தணும்! எங்கட மர்ஸூக் எந்த சைசு, நீ எந்த சைசு!" என்று மாமி கையில் அகப்பட்ட அகப்பையைத் தூக்கினாள்.

அவர் குரல் கேட்டு அறைக்குள்ளிருந்து ஸவாஹிரா ஓடிவந்தாள். புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவுக்கென்று தலையில் போட்டுவிட்டிருந்த வெள்ளைத் துணி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அவரைக் கண்டதும் நின்றாள். பிறகு நடந்து வந்து, மாமியின் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கி அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"வட்டிலப்பம் தின்னவா போன? வட்டிலப்பம்? நான் ஊட்டுல வெச்சுத் தாறதெல்லாம் கோப்பையோட திரும்பி வருது, அந்த ஊட்டுல போய்..." அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சட்டை தளர்வாக இருந்ததால் ரெண்டு கையிலும் நிறையப் பிடிக்க முடிந்தது.

ஹாஜியார் உயிரோடு இருக்கிறார் என்பதை ஊர் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகிழ்ச்சிதான், ஆனால் தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. "கடையப் பூட்டிட்டு வந்த" என்று ஒருவர் முணுமுணுத்தார். "ஒரு வார்த்த சரியா விசாரிச்சிட்டுச் செல்லியிருக்கலாம்" என்று றஹீமே புவாத்தைக் குறை சொன்னார். மறுப்பு அறிவிப்பை எப்படிச் செய்வதென்று மோதினாருக்குத் தெரியவில்லை. கடைசியில், "மர்ஸூக் ஹாஜியார் அவர்கள் மௌத்தாகவில்லை என்பதை மிகவும் பணிவுடன் அறியத் தருகிறோம்" என்று வருத்தம் தோய்ந்த அதே குரலில் அறிவித்தார். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமே. ஸவாஹிரா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த பெரிய சட்டிகளை நிமிர்த்தினாள். அன்று ஊரே சாப்பிட்டது. கப்று வெட்டியவர்களும் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஜியார் சபைத் தலைவர் பதவியை இத்ரூஸிடமே விட்டுவிட்டார். இத்ரூஸ் ரெண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டார். புவாத் கொழும்புக்குப் போய், டாக்டர் சொன்னதையெல்லாம் மறுபடியும் கேட்டு, ஸவாஹிராவின் மிரட்டலுக்குப் பயந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். சொல்லி முடிக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று.

ஸல்மா மாமியை மொனராகலையில் கொண்டுபோய் விடுவதற்கு ஹாஜியாரும் ஸவாஹிராவும் பஸ் ஏறினார்கள். மாமி முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் நிலையம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். பின்னால் ரெண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஹாஜியார் உட்கார்ந்தார். ஸவாஹிரா வழக்கப்படி அவருக்குப் பின் இருக்கையைத் தேடிப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் அவள் பார்த்ததெல்லாம் அவருடைய பிடரிதான்.

"எங்க போற? இஞ்ச எடம் ஈக்கி" என்றார்.

அவள் நின்று அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஓரத்தில் பாதியாக உட்கார்ந்தாள். வளைவுகளில் பஸ் சாய்ந்தபோது அவர் மேல் இடித்துக்கொண்டாள். அவருடைய தோள் எலும்பு குத்தியது.

பசறையில் ஒரு பெண் வடைக் கூடையோடு ஏறினாள். ஸவாஹிரா ரெண்டு வாங்கினாள். ஒன்றைக் கடித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"உளுந்து வடைக்கு டாக்டர் என்ன சென்னாராம்?"

"நல்லா மென்டு, கொஞ்சமாத் தின்னலாமாம்."

அவள் தன் வடையில் ஒரு ஓரத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை மென்றுகொண்டிருக்கும்போதே தன்னுடையதை முடித்துவிட்டு, ரெண்டாவதையும் எடுத்தாள்.

"உப்பு கூடிப்போச்சி" என்றாள் வாயை மூடாமல். "ஊட்டுக்குப் போனதும் நான் சுட்டுத் தாறேன், பாருங்க."